அம்மாவின் கைப்பிடியை எவ்வளவு உயரத்தில் மாட்டுவது

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டது சின்னக் கேள்விதான். "அப்பா, அம்மா இங்க வர்றதுக்குள்ள பாத்ரூம்ல குளிக்கிற தொட்டி பக்கத்துல ஒரு கைப்பிடி மாட்டிடலாம்னு இருக்கேன். டிரில் மெஷின் வாங்கிட்டேன். எவ்ளோ உயரத்துல மாட்டணும்?" லைன் அறுந்துவிட்டதென்று நினைத்து நீ "அலோ, அலோ" என்றாய். லைன் நன்றாகத்தான் இருந்தது. "எழுதி அனுப்புறேன்டா" என்று கடைசியில் சொன்னேன். பிரான்சிலிருந்து உன் சிரிப்பு தெளிவாகக் கேட்டது. "ஒரு நம்பர் சொல்றதுக்கு லெட்டராப்பா?"

நம்பர் தெரிந்திருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன். நம் வீட்டு மாடிப்படியில் நானே மரத்தை இழைத்துக் கைப்பிடி செய்து மாட்டியிருக்கிறேன். போட்டோ பார்த்து நீ "சூப்பர்ப்பா" என்றாயே, அதுதான். அந்தப் போட்டோவுக்குப் பிறகு நடந்ததை உனக்குச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை, நடந்தது என்னவென்று எனக்கே விளங்கவில்லை. இப்போதும் முழுக்க விளங்கிவிட்டதாகச் சொல்ல மாட்டேன். எழுதிப் பார்த்தால் தெளியுமோ என்று உட்கார்ந்திருக்கிறேன். தெளியாவிட்டால் நீயும் என்னோடு சேர்ந்து கொஞ்சம் குழம்பு. அதற்குப் பிறகு டிரில் மெஷினைக் கையில் எடு.

முதலில் பட்டறையிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் குழப்பம் அங்கேதான் ஆரம்பித்தது. பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றதும் கீழே இருந்த கார் ஷெட்டை மரவேலைக்கு எடுத்துக்கொண்டேன். நம்மிடம் என்றைக்கும் கார் இருந்ததில்லை, ஷெட் மட்டும்தான் இருந்தது. நம் ஊரில் என்னைப் போல் பொழுதுபோக்குக்காக மரத்தை அறுக்கிறவர்கள் சேர்ந்து வாட்ஸப்பில் ஒரு குழு வைத்திருக்கிறோம். பேங்க்காரர்கள், டாக்டர்கள், பேராசிரியர்கள், பென்ஷன்காரர்கள் என்று எல்லோரும் உண்டு. அதில் தச்சுத் தொழில் செய்கிறவர் ஒருவர்கூட இல்லை. அதனால் ஆலோசனைக்குப் பஞ்சமே கிடையாது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். கடல் காற்றுக்கு என் உளிகள் துருப்பிடிக்கின்றன, என்ன செய்யலாம் என்று ஒருநாள் கேட்டேன். தேங்காயெண்ணெய் தடவுங்கள் என்றார் ஒருவர். தேங்காயெண்ணெய் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும், தையல் மெஷின் எண்ணெய்தான் சரி என்றார் இன்னொருவர். எண்ணெயே கூடாது, மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும் என்றார் மூன்றாமவர். பெட்டிக்குள் கற்பூரம் போட்டு வைத்தால் துரு அண்டாது என்றார் நான்காமவர். யார் சொல்வது சரி என்று தெரியாததால் நான் எல்லாவற்றையும் செய்தேன். பெட்டியைத் திறந்தால் கோயிலுக்குள் நுழைந்த மாதிரி வாசனை. உளியைப் பிடித்தால் விலாங்கு மாதிரி நழுவியது. துரு போயிற்றா என்று கேட்காதே. துருவையும் எண்ணெயையும் பிரித்துப் பார்க்கவே முடியவில்லை.

ரம்பத்திலும் அதே கதைதான். தள்ளும்போது அறுக்கும் நம் ரம்பத்தை விட்டுவிட்டு, இழுக்கும்போது அறுக்கும் ஜப்பான் ரம்பத்தை வாங்கச் சொன்னார்கள். வாங்கினேன். இப்போது எந்த ரம்பத்தை எடுத்தாலும் கை முதலில் எதிர்ப்பக்கம் போகிறது. நீ புதிதாக ஆரம்பிக்கிறாய், அதனால் சொல்கிறேன்: முதல் வருஷம் ஒரே ரம்பத்தை வைத்துக்கொள். அது எந்த ரம்பமாகவும் இருக்கட்டும்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் குழு முழுவதும் ஒரே குரலில் பேசியது. வேலை செய்யும் மேசை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று கேட்டபோது யாருமே நம்பர் சொல்லவில்லை. "நிமிர்ந்து நில்லுங்க சார், கையைத் தொங்க விடுங்க. மணிக்கட்டு ரேகை எந்த உயரத்துல இருக்குதோ, அதான் உங்க மேசை" என்றார்கள். எனக்கு இது பெரிய அதிர்ச்சி. பள்ளியில் நான் நடத்திய அளவைப் பாடம் உனக்கே தெரியும். ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளை விட்டு பெஞ்சைச் சாணால் அளக்கச் சொல்வேன். ஒருத்தன் எட்டு என்பான், ஒருத்தி ஒன்பது என்பாள், சண்டை வரும். சண்டை நன்றாக முற்றிய பிறகு மீட்டர் ஸ்கேலைத் தூக்கிக் காட்டி, உடம்பை நம்பாதே, இதை நம்பு என்பேன். அத்தனை வருஷம் அப்படிச் சொல்லிவிட்டு, வயதான காலத்தில் ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு மணிக்கட்டைப் பார்க்கிறேன். மேசைக் காலைக் கொஞ்சம் அறுத்தேன். முதுகுவலி போய்விட்டது. எனக்குப் பலித்த ஆலோசனை இது ஒன்றுதான் என்பதால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அம்மாவின் முட்டி மோசமாயிற்று. வலது முட்டி தேய்ந்துவிட்டது, ஆபரேஷனைத் தள்ளிப்போடலாம், ஆனால் பிடிமானம் இல்லாமல் படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நம் படிக்கட்டை நினைத்துப் பார். இரண்டு சுவருக்கு நடுவில் நேராக ஏறும் குறுகல் படி. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அம்மா கீழே வருவதையே விட்டுவிட்டாள். முன்பு வாரத்துக்கு ஒருநாள் ஆட்டோ பிடித்துப் பெரிய மார்க்கெட்டுக்குப் போய், மீன்காரம்மாக்களோடு வாயாடி, தானே பார்த்து மீன் வாங்கி வந்தவள், மாடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் வாங்கி வந்த மீனைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். "இன்னாங்க இது, சங்கராவுக்குக் கண்ணெல்லாம் குழிஞ்சி கெடக்குது. இது என்னியவிட வயசானதா இருக்கும்போல" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் ஜன்னல் ஓரமாகவே நாற்காலியைப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

கீழ் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டு அங்கே மாறுங்கள் என்று நீ அப்போது சொன்னாய். அம்மா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டாள். "கீழ போனா நான் மறுபடி மேல வர மாட்டேன். அது எனக்குத் தெரியும்" என்றாள். சரி, ஸ்டீல் கைப்பிடி போட ஆள் கூப்பிடுங்கள் என்றாய். அதற்கு நான் மறுத்தேன். பட்டறை வைத்துக்கொண்டிருக்கிறவன் வீட்டுப் படிக்கு வெளியாளா என்று ரோஷம்.

அம்மாவைக் கைத்தாங்கலாகக் கீழே இறக்கி, கடலூரில் சித்தி வீட்டில் கொஞ்ச நாள் இருக்கச் சொல்லி அனுப்பினேன். அவள் திரும்பி வரும்போது கைப்பிடி தயாராக இருக்க வேண்டும், பார்த்ததும் அசந்துபோக வேண்டும் என்பது என் திட்டம். நம் ஊர் மேட்டுப்பாளையத்தில் ஒரு மரவாடியில் தேக்குச் சட்டம் வாங்கினேன். குழுவில் உயரம் கேட்டேன். ஒருவர் ஒரு கணக்கு சொன்னார், அடுத்தவர் அதைவிட நாலு விரல் கூடச் சொன்னார், ஆஸ்பத்திரியில் போடுவது வேறு வீட்டில் போடுவது வேறு என்று ஒரு பேராசிரியர் இரண்டு நாள் வாதாடினார். எனக்குத் தலை சுற்றியது. மேசை ஞாபகம் வந்தது. உடம்பைக் கேள், நம்பரைக் கேட்காதே. படியில் நின்று கையைத் தொங்கவிட்டு, மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே பென்சிலால் கோடு போட்டேன். எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவேயில்லை. வலது பக்கம்தான். எல்லோரும் வலது கைக்காரர்கள்.

மாட்டுவதற்கு முன்னால் சுவரைச் சுத்தம் செய்தேன். இரண்டு பக்கமும் பழைய வெள்ளை மங்கி அழுக்கேறிக் கிடந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி பார்த்து, இளம்பச்சை ஆயில் பெயிண்ட் அடித்தேன். வேலையைக் குறுக்குவழியில் முடிக்காமல் அடிப்படையிலிருந்து செய்கிறீர்கள் சார் என்று குழுவில் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டை இரண்டு முறை படித்தேன்.

கைப்பிடி மாட்டிய அன்று அதைச் சோதிக்க இரண்டு பேரைக் கூப்பிட்டேன். ஒருவர் பக்கத்துத் தெருப் பல் டாக்டர், எங்கள் குழுவைச் சேர்ந்தவர். இன்னொருவர் எதிர்வீட்டு சொல்தா அண்ணன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு வந்தவர், அதனால் தெருவே அவரைச் சொல்தா என்றுதான் கூப்பிடும். உனக்கு அவரை நன்றாகத் தெரியும், அவர் எடையும் தெரியும்.

"மெஸ்யே வாத்தியார், இது இன்னா தாங்கும்?" என்று கேட்டுக்கொண்டே சொல்தா அண்ணன் கைப்பிடியைப் பிடித்து இரண்டு காலையும் மடக்கித் தொங்கிவிட்டார். ஒரு சத்தமும் இல்லை. "வுவாலா! பாத்தீங்களா!" என்றார்.

"அண்ணே, கீழ எறங்குங்க. செவுரோட வந்துடப் போவுது" என்றார் டாக்டர். அவர் ஒவ்வொரு ஸ்க்ரூவாக விரலால் ஆட்டிப் பார்த்தார். "நல்லா வேர் புடிச்சிருக்கு சார். இத புடுங்கணும்னா மயக்க ஊசி போட்டுத்தான் புடுங்கணும்." கடைசியில் மூன்று பேரும் சேர்ந்து தொங்கினோம். உனக்கு அனுப்பிய போட்டோ இறங்கிய பிறகு டாக்டர் எடுத்ததுதான். அது அம்மாவைத் தாங்குமா என்பதில் எனக்கு அதற்குப் பிறகு சந்தேகமே இல்லை.

அம்மா கடலூரிலிருந்து வந்து ஆட்டோவில் இறங்கினாள். டாக்டரும் சொல்தா அண்ணனும் வேடிக்கை பார்க்க வாசலில் நின்றார்கள். அம்மா படிக்கட்டைப் பார்த்தாள். "அட, பச்ச கலரா! இதுவும் நல்லாதான் இருக்குது" என்றாள். கைப்பிடியைத் தொட்டுப் பார்த்து, "வழவழன்னு இருக்குதே, நீங்களா இழைச்சீங்க?" என்று கேட்டாள். என் நெஞ்சு நிமிர்ந்தது. நான் பையைத் தூக்கிக்கொண்டு அவளுக்குப் பின்னால் ஏறினேன்.

பாதிப் படி ஏறியிருப்பாள். அவள் கைப்பிடியைப் பிடிக்கவேயில்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன். வலது கை, கால் தடுக்காமல் புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்திருந்தது. இடது உள்ளங்கை இடது சுவரில் பதிந்து பதிந்து போய்க்கொண்டிருந்தது. "கைப்பிடியப் புடி, கைப்பிடியப் புடி" என்றேன். அவள் திரும்ப முயன்றாள். புதுப் பெயிண்டில் உள்ளங்கை சர்ரென்று வழுக்கியது. முட்டி மடங்கி, ஒரு படி சரிந்து, அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் பையைப் போட்டுவிட்டு அவள் முதுகைத் தாங்கினேன். பை உருண்டு வாசல் வரை போய் விழுந்தது. சித்தி கொடுத்தனுப்பிய எலுமிச்சம்பழம் எல்லாம் சொல்தா அண்ணன் காலடியில் ஓடியது.

அடி ஒன்றும் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், நீ பதற வேண்டாம். ஆனால் அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"கைப்பிடி உறுதியா இருக்குது தங்கச்சி. நாங்க மூணு பேரும் தொங்கிப் பார்த்தோம்" என்று கீழே இருந்து சொல்தா அண்ணன் சமாதானம் சொன்னார்.

அம்மாவுக்கு மூச்சு இன்னும் சீராகவில்லை. "தொங்கிப் பார்த்தீங்க. யாராச்சும் பொடவ கட்டினு ஏறிப் பார்த்தீங்களா?" என்றாள்.

டாக்டர் எலுமிச்சம்பழம் பொறுக்கப் போய்விட்டார்.

உடம்பைக் கேட்டுத்தானே கோடு போட்டேன் என்று அன்று மாலை முழுக்க யோசித்தேன். கேட்டது என் உடம்பை. அம்மா என் தோளுக்குத்தான் வருவாள். அவள் முட்டி வேறு, அவள் கை வேறு, அவள் ஒரு கை எப்போதும் புடவைக்குப் போய்விடும். இத்தனை வருஷம் அவளுக்குப் பின்னால் படி ஏறியிருக்கிறேன். அந்த இடது கையை ஒருநாளாவது பார்த்திருக்கிறேனா என்றால் தெரியவில்லை. பார்த்திருப்பேன். பார்த்தது மனதில் நிற்கவில்லை. பிறகு இன்னொன்று தோன்றியது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேனே, அந்த இடது சுவரில் அழுக்கு சுவர் முழுக்கவா இருந்தது? இல்லை. நீளமாக, படியோடு சேர்ந்து ஏறும் ஒரு பழுப்புப் பட்டையாக இருந்தது. அவள் உள்ளங்கை பட்டுப் பட்டு ஏறிய பழுப்பு அது. கைப்பிடி எங்கே வேண்டும் என்று சுவரே எழுதி வைத்திருந்ததை அழித்து, பட்டி பார்த்து, பச்சை அடித்துவிட்டேன். அதற்குத்தான் பாராட்டு வாங்கியிருக்கிறேன்.

சரி, கேட்டே தெரிந்துகொள்ளலாம் என்று மறுநாள் அம்மாவிடம் கேட்டேன். "இடது பக்கம் மாட்டுறேன். எந்த உயரத்துல வேணும்?"

"எங்க மாட்னாலும் சரி. புடிச்சிக்கறேன்."

"அப்படிச் சொல்லாத. நீ வழக்கமா சுவர்ல எங்க கை வைப்ப?"

"அது எனக்கு எப்டித் தெரியும்? நீங்கதான பின்னாடி வருவீங்க" என்றாள்.

பதில் நியாயமாகத்தான் இருந்தது, ஆனால் எனக்கு வழி அடைத்துவிட்டது. அளந்தால் தப்பு, கேட்டாலும் தெரியாது. கடைசியில், வழுக்காமல் இருக்க இடது சுவர்ப் பெயிண்டை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கினேன். பள்ளியிலிருந்து கொண்டு வந்து வைத்திருந்த சிவப்புச் சாக்பீஸைப் பொடித்து, அவளைத் தாங்கிக் கீழே இறக்கி, அவள் இடது உள்ளங்கையில் தடவினேன். "இன்னா, என் கைய வச்சி செவுத்துல கோலம் போடப் போறீங்களா?" என்றாள். முதுகில் கை வைத்துக்கொண்டு நான் பின்னால் வர, எதையும் யோசிக்காமல் ஏறு என்று சொன்னேன். யோசிக்காமல் ஏறு என்று சொன்னால் யாரால் யோசிக்காமல் இருக்க முடியும்? அவள் விறைத்துக்கொண்டு ஏறினாள். அதனால் பேச்சுக் கொடுத்தேன். கடலூரில் சித்தி என்ன குழம்பு வைத்தாள் என்று கேட்டேன். குழம்பில் புளி அதிகம் என்று ஆரம்பித்தவள், கையை மறந்துவிட்டாள்.

சுவரில் வரிசையாகச் சிவப்புக் கை விழுந்திருந்தது. அதிலாவது தெளிந்ததா என்றால், இல்லை. கைத்தடங்கள் நேர்கோட்டில் இல்லை. கீழே தாழ்வாக, நடுவில் கொஞ்சம் உயர்ந்து, மேல்படிக்குப் பக்கத்தில் மறுபடி தாழ்ந்து கிடந்தன. மனிதக் கை வளைந்து போகிறது, தேக்குச் சட்டம் நேராக இருக்கிறது. முடிந்தவரை எல்லாத் தடத்துக்கும் பக்கத்தில் வருகிற மாதிரி ஒரு கோடு இழுத்து, இடது பக்கம் இரண்டாவது கைப்பிடியை மாட்டினேன். முதல் கைப்பிடியைவிட நன்றாகத் தாழ்வாக வந்தது. அம்மா அதைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். வழுக்கவில்லை. நிற்காமல் மேலே போய்விட்டாள்.

வலது பக்கத்து என் கைப்பிடியைக் கழற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். காஸ் சிலிண்டர் போடுகிறவர் வேறு வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். "சார், ரெண்டு பக்கமும் இப்டி கட்டய அடிச்சி வச்சா, நான் சிலிண்டர எப்டி தூக்கினு போறது? பறந்தா?" என்றார். அவர் சொன்னது சரிதான், படி குறுகல். ஒரு காலையில் ஷெட்டில் ஸ்க்ரூடிரைவரைத் தேடிக்கொண்டிருந்தேன். படியில் யாரோ இறங்கும் சத்தம் கேட்டது. நின்று, நின்று, ஆனால் தடுமாறாமல் வந்தது. எட்டிப் பார்த்தால் அம்மா கீழே நிற்கிறாள். கையில் ஒயர்கூடை.

"எங்க போற?"

"மார்க்கெட்டுக்கு. ஒரு ஆட்டோ புடிச்சிக் குடுங்க. உங்க மீன தின்னு நாக்கு செத்துப் போச்சி."

"தனியாவா எறங்கின? எதப் புடிச்சிக்கினு எறங்கின?"

"உங்க கைப்பிடியத்தான்" என்றாள். கையில் ஸ்க்ரூடிரைவரைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. "அதக் கழட்றதுக்கா வச்சினு நிக்கறீங்க? கழட்டிப் பாருங்க, அப்பறம் இருக்குது உங்களுக்கு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளை ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்து படியில் ஏறி ஏறி இறங்கினேன். பிறகு புரிந்தது, அல்லது புரிந்த மாதிரி இருந்தது. ஏறும்போது வலது பக்கம் இருக்கிற சுவர், இறங்கும்போது இடது பக்கம் வருகிறது. புடவை வலது கையில், அதனால் காலியாக இருப்பது எப்போதும் இடது கை. ஏறுவதற்கு ஒரு சுவர், இறங்குவதற்கு மறு சுவர். உயரமும் அப்படித்தான். ஏறும்போது முன்னால் இருக்கும் கைப்பிடி மேல்நோக்கிப் போகிறது, அதனால் தாழ்வாக இருந்தால் கைக்கு வாகு. இறங்கும்போது அது காலடியை நோக்கிக் கீழே போகிறது, அதனால் உயரமாக இருந்தால்தான் குனியாமல் பிடிக்கலாம். ஆக, ஏறுவதற்கென்று நான் தப்பான பக்கத்தில், தப்பான உயரத்தில் மாட்டியது, இறங்குவதற்குச் சரியான பக்கத்தில், சரியான உயரத்தில் இருக்கிறது.

இதற்கு எத்தனை மார்க் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. விடை சரியாக வந்து வழிமுறை தப்பாக இருந்தால் பாதி மார்க் போடுவேன். வழிமுறை சரி, விடை தப்பு என்றாலும் பாதி. கேட்ட கேள்விக்குத் தப்பாகவும் கேட்காத கேள்விக்குச் சரியாகவும் ஒரு விடைத்தாள் என்னிடம் வந்ததே இல்லை. இதைக் குழுவில் எழுதினேன். அப்படியானால் முதல் கணக்கு சரிதான் என்று பேராசிரியர் எழுதினார். தற்செயலைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று டாக்டர் எழுதினார். இன்னும் சண்டை நடக்கிறது. நான் படிப்பதை நிறுத்திவிட்டேன். மதியம் அம்மா திரும்பி வந்து, கூடையைச் சமையல்கட்டில் வைத்து, "பாருங்க, கண்ணு எப்டி இருக்குது" என்று ஒரு சங்கராவைத் தூக்கிக் காட்டினாள். மீன்காரம்மா அவளை இத்தனை நாள் எங்கே போனாய் என்று திட்டினாளாம். அதைச் சொல்லும்போது அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அவளை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனது என் திறமையா, என் தப்பா என்று இப்போதும் தெரியவில்லை. இந்த நிலைமையில் நீ என்னிடம் உயரம் கேட்கிறாய்.

உன் குளியல்தொட்டியை நான் பார்த்ததில்லை. அதன் விளிம்பு முட்டி உயரம் இருக்கும் என்று நீ சொன்னாய். அம்மா அதற்குள் கால் வைத்து இறங்கியதே இல்லை. அங்கே புடவை இருக்காது, ஆனால் கை காலியாக இருக்கும் என்று நினைக்காதே. குளிக்கும்போது அவள் பாவாடையை மார்புக்கு மேலே கட்டிக்கொள்வாள். வெளியே வரும்போது அந்த ஈரத்துணி நழுவாமல் ஒரு கையால் பிடித்துக்கொள்வாள். மகனிடம் இதையெல்லாம் அவள் சொல்ல மாட்டாள். நீ கேட்டால் "எங்க மாட்னாலும் சரி" என்பாள். நீயும் நல்ல டிரில், நல்ல ஸ்க்ரூ, நல்ல பிராக்கெட் வாங்கி, உன் நண்பர்களோடு தொங்கிப் பார்த்துவிட்டு, எனக்குப் போட்டோ அனுப்புவாய். நான் "சூப்பர்டா" என்று எழுதுவேன். எனக்குப் பயமாக இருப்பது அதுதான். படியில் நான் பின்னால் இருந்தேன். உன் பாத்ரூமில் அவள் கதவைத் தாழ் போட்டுக்கொள்வாள். அங்கே பின்னால் யாரும் இருக்க மாட்டார்கள்.

உயரத்தை உன் உடம்பை வைத்து முடிவு செய்ய முடியாது, நீ என்னையும்விட உயரம். அதற்கு அவள் வந்து சேரட்டும். ஆனால் எந்தச் சுவர், எந்தப் பக்கம் என்பதையாவது இப்போதே தெரிந்துகொள்ளலாம் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்கிறேன்.

நாளைக் காலையில் காய்ந்த தொட்டிக்குள் நின்று, ஒரு துண்டை வலது கையால் மார்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது முட்டியை மடக்காமல் வெளியே வந்து பார். உன் இடது கை எந்தச் சுவரைத் தேடிப் போகிறதோ அங்கே பென்சிலால் ஒரு குறி மட்டும் போடு, துளை போடாதே.

அப்பா